பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சத்தம்: எந்தப் பாகம் கத்துகிறது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இருந்து சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் பெட்டி) ஊளையிடுகிறது என்று, அதற்குள் ஒன்றையொன்று கடிக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனையும் சிறிய பல்சக்கரமான பினியனையும் மாற்றுவார்கள். வண்டி ரோட்டுக்கு வந்ததும் அதே ஊளை, அதே வேகத்தில். கடைசியில் பார்த்தால் அது முன் சக்கரத்து பேரிங்காக இருக்கும். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். சேஸிஸும் தரைத்தகடும் சத்தத்தை நன்றாகக் கடத்தும். முன் ஆக்சில் போடும் சத்தம் டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும், கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சத்தம் பின்னாலிருந்து வருவதுபோல் இருக்கும்.

அதனால் சத்தம் எங்கே கேட்கிறது என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. சந்தேகத்துக்குரிய பாகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றவிடாமல் நிறுத்தி, சத்தம் போகிறதா என்று பார்ப்பது அடுத்தது. இந்த வகை வண்டியில் டிரான்ஸ்ஃபர் லீவரும், முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஹப் பூட்டும் இருப்பதால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்று வேகங்கள்

இன்ஜின் வேகத்தில் சுற்றுபவை, டிரான்ஸ்ஃபரிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் (இனி வெறும் ஷாஃப்ட்) வேகத்தில் சுற்றுபவை, சக்கர வேகத்தில் சுற்றுபவை என்று மூன்று கூட்டம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 235/75 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். அப்படியென்றால் சக்கரம் நொடிக்கு 7 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். ஆக்சில் விகிதம் 4.1 என்றால், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று என்றால், ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 30 சுற்று. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால், பற்கள் கடிக்கும் சத்தம் 300 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். போனில் ஒலி அலைவெண்ணைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து 60-ல் ஓட்டுங்கள். 300-ஐ ஒட்டி ஒரு கூர்மையான முள் நின்றால் அது கிரவுன்-பினியன். 30-லோ 60-லோ அதிர்வின் முள் எழும்பினால் ஷாஃப்ட், அல்லது அதன் முனையில் மடங்கும் மூட்டான யு-ஜாயிண்ட். உங்கள் டயர், உங்கள் விகிதம், உங்கள் பல் எண்ணிக்கையை வைத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு டாஷ்போர்டில் ஒட்டிவைத்தால் நல்லது.

போன் இல்லாமலும் முடியும். நடை வேகத்தில், அதாவது மணிக்கு 5 கி.மீ.-ல், சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். ஷாஃப்ட் அதே நேரத்தில் நான்கு சுற்று முடித்துவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சுவரோரமாக உருட்டுங்கள். 'கிரீச்...கிரீச்' என்பது நொடிக்கு இரண்டு மூன்று தடவைக்குக் குறையாமல் வந்தால் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். ஒன்றரை நொடிக்கு ஒரு தடவை வந்தால் சக்கரம், பிரேக், டயர்.

வண்டியை எடுக்கும் முன்

ஆயில் அளவைப் பாருங்கள்: கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்பதுதான் பெரும்பாலான வண்டிகளில் சரியான அளவு. இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வடிக்கும் பிளக்கை முதலில் கழற்றிவிட்டு, பிறகு நிரப்பும் பிளக் துருப்பிடித்து வரவில்லை என்று தலையில் கைவைப்பார்கள். நிரப்பும் பிளக்தான் முதலில் திறக்க வேண்டும்.

கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து, டிரான்ஸ்ஃபர் கேஸில் துளையைத் திறந்ததும் வழிந்து ஊற்றினால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சீல் போய், ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குப் போகிறது என்று அர்த்தம். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. கியர்பாக்ஸ் பேரிங் மட்டும் காய்ந்து கத்தத் தொடங்கும்.

ஆயில் வகையும் முக்கியம். ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கு (பினியன் கிரவுனின் மையத்தை விட்டு விலகி அமைந்த வகை) ஜி.எல்-5 தர கியர் ஆயில் தேவை. கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள பழைய கியர்பாக்ஸ் பலவற்றுக்கு ஜி.எல்-4 சொல்லியிருப்பார்கள். அதில் ஜி.எல்-5 ஊற்றினால் சில கலவைகளில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கும். 80டபிள்யூ-90 போட வேண்டிய இடத்தில் அதைவிடக் கெட்டியான 85டபிள்யூ-140 போட்டால் ஊளை அடங்கும். ஆனால் அது நோய் குணமானதல்ல, வாயில் துணி அடைத்தது போலத்தான். விற்கப்போகும் வண்டியில் இந்த வித்தை அடிக்கடி நடப்பதால், பழைய வண்டி வாங்குபவர்கள் ஆயிலை விரலில் தொட்டுப் பார்ப்பது நல்லது.

டயரையும் இப்போதே முடித்துவிடுங்கள். மண்ரோட்டுக்கான பெரிய கட்டை டயர் போடும் சத்தம் டிஃபரன்ஷியல் ஊளையை அப்படியே ஒத்திருக்கும். டிரெட்டின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழு, மறு திசையில் ரம்பப் பல் என்றால் டயரே கத்தும். வழவழப்பான தார்ச்சாலையிலிருந்து கரடுமுரடான சாலைக்கு மாறும்போது சத்தம் மாறினால் அது டயர். கிரவுன்-பினியனுக்குக் கீழே எந்தச் சாலை ஓடுகிறது என்று தெரியாது.

நிற்கும்போது செய்யும் சோதனைகள்

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச் மிதியைத் தொடாதவரை கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும், அதோடு கியரால் இணைந்த பக்கத்துத் தண்டான லே-ஷாஃப்ட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். உறுமல் கேட்டு, மிதியை முழுதாக அழுத்தியதும் நின்றால் கோளாறு அந்த பேரிங்குகளில். மிதியின் மேல் காலை லேசாக வைத்ததுமே சத்தம் பிறந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முழுதாக அழுத்தி, கியரும் போட்டபின் மட்டும் கிறீச்சிட்டால் ஃபிளைவீல் நடுவில் உள்ள ஸ்பிகாட் பேரிங் அல்லது புஷ். அப்போது இன்புட் ஷாஃப்ட் நின்று, கிராங்க் மட்டும் சுற்றுவதால் அது முழு வேகத்தில் தேயும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் நியூட்ரல் சோதனை. டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்தால் கியர்பாக்ஸ் எந்த கியரில் இருந்தாலும் வண்டியைப் பிடித்து வைக்காது. ஆட்டோமேட்டிக்கில் 'பார்க்' போட்டிருந்தாலும் இதே கதைதான். எனவே சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்காமல் இதைச் செய்யாதீர்கள். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டு, கிளட்சை விட்டு, 1500 முதல் 2000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபரின் இன்புட் கியரும் சுற்றும், ஷாஃப்டும் ஆக்சிலும் நிற்கும். இதில் சத்தம் வந்தால் பின்னால் உள்ள எதையும் கழற்ற வேண்டியதில்லை.

வரவில்லை என்பதற்காக கியர்பாக்ஸை விடுவித்துவிடவும் கூடாது, ஏனென்றால் இங்கே அதற்குச் சுமையே இல்லை. சுமையோடு ஓட்டும்போது 1, 2, 3, 5-ல் உறுமி, நேரடி கியரான 4-ல் மட்டும் அமைதியானால் லே-ஷாஃப்ட் பேரிங்தான். நேரடி கியரில் லே-ஷாஃப்ட் சும்மா சுற்றும், எதையும் சுமக்காது.

ரோட்டில்: நான்கு நிலைகள்

ஆள் நடமாட்டமில்லாத சாலையில், ஒரே வேகத்தில் நான்கு நிலைகளில் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது, காலை எடுத்து, இன்ஜின் வண்டியைத் தடுக்கும்போது, இழுக்காமலும் தடுக்காமலும் வேகத்தை அப்படியே பிடித்திருக்கும்போது, நியூட்ரலில் உருளும்போது. நான்கிலும் ஒரே மாதிரி என்றால் சுமை பற்றிக் கவலைப்படாத ஒன்று: வீல் பேரிங் அல்லது டயர். இழுக்கும்போது மட்டும், அல்லது கால் எடுக்கும்போது மட்டும் என்றால் பற்கள் அல்லது பினியன் பேரிங். நியூட்ரலில் உருளும்போது இன்ஜினை ரேஸ் செய்து பாருங்கள். சத்தம் கூடவே ஏறினால் அது இன்ஜின் பக்கம்.

மணிக்கு 50 கி.மீ.-ல் அகலமான காலிச் சாலையில் ஸ்டியரிங்கை மெதுவாக இடது, வலது என்று அசையுங்கள். இடப்பக்கம் வளையும்போது சுமை வலச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க வீல் பேரிங். டிஃபரன்ஷியலில் கிரவுனைத் தாங்கும் கேரியர் பேரிங்கும் வீல் பேரிங் போலத்தான் தாழ்ந்த குரலில் உறுமும், ஆனால் இப்படி அசைத்தால் அவ்வளவாக மாறாது. இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

பிரேக்கை அதிகம் தொடாமல் 15 நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கு ஹப்களையும் பாருங்கள். இடது-வலது இரண்டும் சுமாராக ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால் பேரிங்கோ, பிடித்துக்கொண்ட பிரேக்கோ.

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் ஒருவரைப் பிரேக் மிதியை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால், சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பும் அச்சான கிங் பின், ஸ்விவல் பின் அல்லது பால் ஜாயிண்ட்.

ஒவ்வொன்றாக நிறுத்துவது

பார்ட்-டைம் வண்டியில் (தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களும் இழுக்கும் வகை) முன் ஹப்கள் பூட்டித் திறக்கும் வகையாக இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. 2எச்-ல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் லீவர் நிலை), ஹப்களைத் திறந்து ஒரு சுற்று, பூட்டி ஒரு சுற்று. பூட்டியபோது மட்டும் சத்தம் வந்தால் முன் ஆக்சில் ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்பிண்டில் புஷ் ஆகியவற்றில் ஒன்று. ஹப் திறந்திருந்தும் வந்தால் முன்பக்கத்தில் மிச்சமிருப்பது வீல் பேரிங், பிரேக், டயர் மட்டுமே. தானாகப் பூட்டும் ஹப்கள், பல வண்டிகளில் சில மீட்டர் பின்னால் எடுத்த பிறகுதான் விடுபடும் என்பதை மறக்காதீர்கள்.

ஷாஃப்டைக் கழற்றி ஓட்டுவது அடுத்த படி. பார்ட்-டைம் வண்டியில் முன் ஷாஃப்டைக் கழற்றி 2எச்-ல் ஓட்டலாம். பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹப்களைப் பூட்டி 4எச்-ல் (நான்கு சக்கர நிலை) முன் சக்கரங்களால் மட்டும் ஓட்டலாம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபுல்-டைம் வண்டியில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உள்ள சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் ஒரு ஷாஃப்டைக் கழற்றினால் வண்டி நகராது, சக்தியெல்லாம் கழன்ற பக்கம் போய்விடும். பூட்டு இல்லாமல், கெட்டித் திரவத்தால் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் மட்டும் உள்ளவற்றில் இந்தச் சோதனையே வேண்டாம். எப்படியானாலும் 60 கி.மீ.-க்கு மேல் போகாதீர்கள், மிதித்து இழுக்காதீர்கள்.

மூன்று எச்சரிக்கைகள். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் அவுட்புட்டில் இருக்கிறது, பின் ஷாஃப்ட் இல்லாவிட்டால் அது பின் சக்கரங்களைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபருக்குள் நேரே நுழையும் ஸ்லிப் யோக் (வழுக்கி நகரும் கவை) வகை ஷாஃப்டை உருவினால் ஆயில் கொட்டும், அடைப்பு வேண்டும். மூன்றாவது, கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) ஸ்பிளைனிலும் (நீளவாக்கில் பல் வெட்டிய இணைப்பு) பெயின்ட் அடையாளம் போடுங்கள். ஒரு ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் பொதுவாக ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்பிளைனில் ஒரு பல் மாறினாலே புதிய அதிர்வு பிறக்கும். சில வண்டிகளின் முன் ஷாஃப்டில் தயாரிப்பாளரே கோணம் மாற்றி வைத்திருப்பதால், கண்ணளவில் 'நேராக்கி' விடவும் கூடாது.

இன்னொன்று: ஷாஃப்டைக் கழற்றினாலும் ஹப் பூட்டியிருந்தால் சக்கரம் வழியாக டிஃபரன்ஷியல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சுமை மட்டும் இருக்காது. சத்தம் போனதும் ஷாஃப்ட்தான் குற்றவாளி என்று அவசரப்பட வேண்டாம், சுமையில் மட்டும் கத்தும் பினியனும் அப்போது வாயை மூடியிருக்கும்.

ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டுக் கேட்பதானால் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். ஸ்டாண்டுகள் சேஸிஸுக்குக் கீழே வேண்டாம், ஆக்சிலுக்குக் கீழே இருக்கட்டும். சேஸிஸில் தாங்கினால் ஆக்சில் தொங்கி, ஷாஃப்ட் கோணம் மாறி, இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். சக்கரம் சுற்றும்போது யாரும் அடியில் போகக்கூடாது. பாகங்களின் மேல் ஒட்டவைக்கும் மைக்குகள் கிடைத்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

'டொக்' சத்தம்

கிளட்சை விட்டதும் ஒரு 'டொக்', காலை எடுத்ததும் இன்னொரு 'டொக்'. பழைய வண்டிகளில் அதிகம் கேட்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஒரே பாகம் கெட்டு இது வருவது குறைவு. ஐந்தாறு இடங்களில் சேர்ந்த சின்னச் சின்ன ஆட்டங்களின் கூட்டுத்தொகை அது.

சமதரையில் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டில் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியானால் அதையும் விடுவித்துவிட்டு அடியில் போங்கள். ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் சாக்பீஸால் ஒரு கோடு: யு-ஜாயிண்டின் யோக்குக்கும் அதன் நடுச் சிலுவையான கிராஸுக்கும் நடுவில், ஸ்பிளைனின் இரு பக்கமும், பினியன் ஃபிளேஞ்சிலிருந்து ஹவுசிங் வரை. ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். எந்தக் கோடு முறிகிறதோ அங்கே ஆட்டம்.

யு-ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் துளிகூட இருக்கக்கூடாது. மூடியின் ஓரத்தில் செங்கல்தூள் போன்ற துருப்பொடி ஒட்டியிருந்தால் உள்ளே ஊசி பேரிங்குகள் காய்ந்துவிட்டன. தண்ணீரில் இறங்கியபின் கிரீச் சத்தம் இரண்டு நாள் நின்று, பிறகு திரும்பினால் அதே வியாதிதான். கிரீஸ் அடிக்கும்போது நான்கு மூடிகளிலும் புதுக் கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், வராத அந்த மூடிதான் முதலில் போகும். ஸ்லிப் ஸ்பிளைனில் மட்டும் அளவோடு அடியுங்கள். அளவு மீறினால் உள்ளே கிரீஸ் அடைத்துக்கொண்டு ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் பேரிங்கை முட்டும். பிரேக் பிடித்து நின்று மீண்டும் கிளம்பும்போது ஒரே ஒரு 'டொக்' வந்தால் காய்ந்த ஸ்லிப் ஸ்பிளைனைச் சந்தேகியுங்கள். கழற்றித் துடைத்து மாலிப்டினம் கிரீஸ் பூசினாலே பெரும்பாலும் தீரும்.

அடுத்து டிஃபரன்ஷியல். கிரவுன்-பினியன் இடைவெளி பல ஆக்சில்களில் 0.13 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். இதை ஃபிளேஞ்சில் எவ்வளவு பார்க்கலாம்? கிரவுனின் ஆரம் 100 மி.மீ., இடைவெளி 0.2 மி.மீ., விகிதம் 4.1 என்றால் பினியன் திரும்புவது அரை டிகிரிக்கும் குறைவு. 50 மி.மீ. ஆரமுள்ள ஃபிளேஞ்ச் விளிம்பில் அது வெறும் 0.4 மி.மீ. உங்கள் ஃபிளேஞ்ச் விளிம்பு 5 மி.மீ. நகர்கிறது என்றால், அவ்வளவையும் கிரவுன்-பினியன் தரவே முடியாது. திருப்பத்தில் இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் ஸ்பைடர் கியர்களின் தேய்ந்த வாஷர்கள், ஸ்பைடர் பின், ஆக்சில் ஸ்பிளைன், ஹப் டிரைவ் ஃபிளேஞ்ச் ஆகியவைதான் மிச்சத்தைத் தருகின்றன. இந்த நிலையில் கிரவுன் இடைவெளியை இறுக்கப் போனால், 'டொக்' அப்படியே இருக்க, புதிதாக ஊளை சேரும்.

டிரைவ் ஃபிளேஞ்சைப் பார்க்க, ஹப் மூடியைக் கழற்றி, ஷாஃப்ட் முனையையும் ஃபிளேஞ்சையும் சேர்த்து ஒரு கோடு போட்டு சக்கரத்தை ஆட்டினால் போதும். டிஃபெண்டரில் இதற்கு முன்னால் ஒரு இடமும் பார்க்க வேண்டும்: எல்.டி.77, ஆர்380 கியர்பாக்ஸ்களின் மெயின்ஷாஃப்ட் ஸ்பிளைன், எல்.டி.230 டிரான்ஸ்ஃபரின் இன்புட் கியருக்குள் நுழையும் இடம். ஆயில் சரியாகப் போகாமல் அந்தப் பற்கள் காய்ந்து தேயும். ஆயில் துளை போட்ட இன்புட் கியர் பின்னாளில் வந்ததும் இதற்காகத்தான். சுசுகி சாமுராய் வகையில் கியர்பாக்ஸுக்கும் தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபருக்கும் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கிறது. அதன் ஜாயிண்டுகளையும், டிரான்ஸ்ஃபரைத் தாங்கும் ரப்பர்களையும் விட்டுவிடுவார்கள்.

ஷாஃப்டில் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் டிரெயிலிங் ஆர்ம் புஷ், தளர்ந்த லீஃப் ஸ்பிரிங் யு-போல்ட், இன்ஜின் மவுண்ட் இவற்றைப் பாருங்கள். பிரேக்கை அழுத்தி, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறிக் கிளட்சை லேசாகக் கடிக்கவிடுங்கள். பக்கவாட்டில் நிற்பவர் ஆக்சில் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று சொல்லட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது.

செயின் வகை டிரான்ஸ்ஃபரில் 4எச்-ல் சுமை ஏறும்போது 'டமால்' என்று அடித்தால் நீண்டுபோன செயின் பல் தாண்டுகிறது. ஆனால் பார்ட்-டைம் வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் 4எச்-ல் திருப்பும்போது முறுக்கேறி வரும் சத்தம் கோளாறே அல்ல. முன், பின் ஆக்சில்கள் வேறு வேறு தூரம் போவதால் வருவது அது. 4எச் சோதனைகளை எப்போதும் மண்ணிலோ சரளையிலோ செய்யுங்கள். அங்கே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து இழுக்கும்போது 'டக்-டக்-டக்' என்றால் முன் சி.வி. ஜாயிண்ட்.

ஊளை

ஊளைக்கு முதலில் தொட வேண்டியது பினியன் ஃபிளேஞ்ச். ஷாஃப்டைக் கழற்றி, ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசையுங்கள். இங்கே ஆட்டமே இருக்கக்கூடாது, ஏனெனில் அந்த டேப்பர் பேரிங்குகள் இறுக்கத்தோடு பொருத்தப்பட்டவை. ஆட்டம் தெரிந்தால் இறுக்கம் போய்விட்டது. கால் எடுக்கும்போது மட்டும் ஊளையிடும் ஆக்சிலில் அநேகமாக இதைத்தான் பார்ப்பீர்கள். நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிடலாமே என்று தோன்றும். நசுங்கும் ஸ்லீவ் உள்ள வகையில் அது பேரிங்கை இறுக்கிக் கொல்லும். பேரிங், ஸ்லீவ் இரண்டையும் மாற்றி, வண்டிக்கான கையேட்டில் சொன்ன சுழற்சி இறுக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி.

இழுக்கும்போது மட்டும் வரும் ஊளை பெரும்பாலும் தேய்ந்த பற்களிலிருந்து. திரும்பும்போது மட்டும் கேட்டால் ஸ்பைடர் கியர்கள். லிமிடெட் ஸ்லிப் வகையில் திருப்பத்தில் நடுநடுவென்று நடுங்கினால் உராய்வைச் சீர்செய்யும் சேர்ப்பு ஆயிலில் இல்லை. அதைப் போட்டுச் சில எட்டு வடிவச் சுற்றுகள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம்.

வடித்த ஆயிலும் பேசும். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரலிடுக்கில் உரசும் செதிலோ, ஊசித் துண்டோ, பல் முனையோ இருந்தால் அன்றே பிரிக்க வேண்டும். தங்கத்தூள் மினுமினுப்பு கியர்பாக்ஸில் சின்க்ரோ வளையத்தையும், டிஃபரன்ஷியலில் வெண்கல வாஷரையும் காட்டும். பால்போல் கலங்கியிருந்தால் தண்ணீர். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், ஆக்சிலின் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாக நீரை உறிஞ்சும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த ஓடையில் மறுபடியும் அதே கதி.

வருடக்கணக்காக ஒரே அளவில் இருக்கும் மெல்லிய ஊளையோடு பழைய வண்டி நெடுநாள் ஓடும், அதற்காகப் பிரிக்கத் தேவையில்லை. மாதத்துக்கு மாதம் கூடும் சத்தத்தை விடக்கூடாது. பினியனில் ஆட்டம், சூடேறும் ஹப், ஆடும் யு-ஜாயிண்ட் இருந்தால் அதோடு வேகமாகப் போகவே கூடாது. குறிப்பாக, ஷாஃப்டின் முன்முனை ஜாயிண்ட் ஓட்டத்தில் உடைந்தால் அந்த முனை கீழே விழுந்து சாலையில் குத்தும். வழியில் அப்படியொரு ஜாயிண்டைக் கண்டுபிடித்தால், மேலே சொன்ன எச்சரிக்கைகளோடு அந்த ஷாஃப்டை முழுதாகக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, மற்ற ஆக்சிலின் இழுவையில் மெதுவாக வீடு வந்து சேரலாம்.